கழுத்து வைக்காத குழாய்

திருவண்ணாமலையில் கடல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகுக்குக் குழாய் போட்டேன் என்று சொன்னால் யாராக இருந்தாலும் என் முகத்தைத்தான் ஒரு தடவை பார்க்கிறார்கள். நான் பிளம்பர். லாட்ஜுகளில் அடைத்துக்கொண்ட கக்கூஸ் லைன், வேங்கிக்கால் பக்கம் முளைக்கிற புது வீடுகளின் பாத்ரூம், மொட்டை மாடித் தொட்டி, இதுதான் என் பிழைப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் ஒரே ஒரு படகு. மற்ற இடங்களில் தப்பு நடந்தால் மறுநாளே போன் வரும், திட்டுவார்கள், போய்ச் சரிசெய்து கொடுப்பேன். படகு விஷயத்தில் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

படகு என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். வெளிநாட்டில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் படகு வார்க்கிற வேலையில் இருபது வருடம் இருந்தார். ஐம்பது தாண்டியதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருந்த தன் நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு, இருபத்திரண்டு அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். காலையில் டீ குடித்துவிட்டுக் கொட்டகைக்குள் போனால் சாயங்காலம்தான் தலை தெரியும். ஊரில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் அடித்துக்கொண்டேன், ஆனால் அவர் எதிரில் இல்லை.

பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை, கணக்காகத்தான் செய்தார். புதுச்சேரியில் சுற்றுலாக்காரர்களைப் பாய்மரப் படகில் ஏற்றிப் போகிற ஒருவர், இவர் கட்டும் படகை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை. படகு ஒரு வாரம் துறையில் மிதக்க வேண்டும், உள்ளே தண்ணீர் வரக் கூடாது. தேறிவிட்டால் இன்னும் இரண்டு படகுக்கு ஆர்டர். அது கிடைத்தால் மச்சான் சொந்தமாகப் பட்டறை வைத்துவிடுவார். கிடைக்காவிட்டால் அந்த வயதில் அவருக்குப் படகு வேலை தர யாரும் இல்லை. வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றி வருகிற கூட்டம் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். ஒரு தடவை நான் இருக்கும்போதே ஒரு அம்மாள், "எந்த சாமிக்குங்க இந்த வாகனம்?" என்று கேட்டார். "சாமிக்கு இல்லம்மா, டூரிஸ்ட்டுக்கு" என்றார் மச்சான். அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், படகின் மூக்கில் கொஞ்சம் விபூதியை வைத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். மச்சான் அதைத் துடைக்கவில்லை.

எங்களுக்குள் இருந்த மரியாதையைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனால் நான் அவர் தங்கையைக் கட்டியவன், வீட்டு மாப்பிள்ளை. எனக்குத்தான் முதல் இலை, எனக்குத்தான் நாற்காலி. நான் எது சொன்னாலும் "சரிங்க மாப்ள". என் வேலையைச் சரியா தப்பா என்று அவர் வாயால் கேட்டதே இல்லை. அவர் வீட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த குழாய் ஒன்று ஆறு மாதம் ஒழுகியிருக்கிறது. கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, என்னிடம் சொல்லாமலே இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் இது ஒன்றும் புதுசு இல்லை. மாப்பிள்ளை செய்ததைத் திறந்து பார்ப்பது, அவன் முகத்தில் துப்புவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. எனக்கு அந்த மரியாதை பிடித்துத்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

படகின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அலை தெறித்தோ மழை பெய்தோ எங்காவது கசிந்தோ வருகிற தண்ணீர் அங்கேதான் சேரும். அதை வெளியே தள்ள ஒரு சின்ன பம்ப், தண்ணீர் ஏறியதும் தானாக ஆன் ஆக ஒரு மிதவை சுவிட்ச், ஒரு பேட்டரி, பம்பிலிருந்து படகின் பக்கவாட்டு ஓட்டை வரைக்கும் ஒரு ஹோஸ். இவ்வளவுதான் எனக்கு வந்த வேலை. ஓட்டை எங்கே வர வேண்டும் என்று மச்சானே பென்சிலால் குறித்திருந்தார். படகு மிதக்கும்போது தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு ஒரு நீலக் கோடு. அதற்கு நாலு விரல்கடை மேலே ஓட்டை. இன்னும் உயரத்தில் போட்டால் அழுக்குத் தண்ணீர் பெயின்ட் மேல் வடியும் என்றார். அப்புறம், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு படம் போட்டுக் காட்டினார்.

"ஹோஸ் பம்ப்லேர்ந்து நேரா மேல ஏறணும் மாப்ள. மேல்தட்டு வரைக்கும். அங்க ஒரு வளைவு. அப்புறம் எறங்கி ஓட்டைக்கு வரணும். கழுத்து மாதிரி."

"எதுக்கு மச்சான் ஏத்தி எறக்கணும்? நேரா வுட்டா கிட்டதானே?"

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "படகுல அப்படித்தாங்க மாப்ள" என்று நிறுத்திக்கொண்டார். பிளம்பர் மாப்பிள்ளைக்குப் போய்க் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதா என்று அவருக்குத் தோன்றியிருக்கும். மறுபடியும் கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோம் என்று எனக்கும் தோன்றியது.

லாரிக்கும் கிரேனுக்கும் ஏற்பாடு செய்ய அவர் மூன்று நாள் புதுச்சேரிக்குப் போனார். நான் தனியாக வேலையை ஆரம்பித்தேன். சித்திரை வெயில், தகரக் கொட்டகை, படகின் வயிற்றுக்குள் குனிந்த வாக்கில் வேலை. பம்பை உட்கார வைத்தேன், ஒயரை இழுத்தேன், ஓட்டையைப் போட்டேன். ஹோஸை மேல்தட்டு வரைக்கும் ஏற்றிக் கிளாம்ப் அடித்தேன். பக்கச் சுவர் வளைவானது, ஹோஸ் முரட்டு ஹோஸ். கிளாம்ப் நிற்கவில்லை. இரண்டாவது தடவை அடித்தபோது பிடுங்கிக்கொண்டு வந்து என் மூக்கில் அடித்தது.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடமாக நான் கற்ற ஒரே பாடம் வாட்டம். கழிவுத் தண்ணீர் போகிற குழாய்க்கு, போகிற திசையில் சரிவு வேண்டும். நடுவில் ஒரு விரல் தூக்கினாலும் கொத்தனார் முதற்கொண்டு சிரிப்பான். நான் போய், வெளியே போகிற தண்ணீரை மூன்றடி ஏற்றி மூன்றடி இறக்குவதா? அதுவும் அந்தச் சுண்டைக்காய் பம்ப். உயரம் ஜாஸ்தி ஆனால் வேகம் கம்மியாகும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மச்சானுக்குப் படகு தெரியும், தண்ணீர் எனக்குத்தான் தெரியும் என்று முடிவு செய்தேன். பம்பிலிருந்து ஓட்டைக்கு ஹோஸை நேராக விட்டேன். நல்ல வாகாக, அழகாக உட்கார்ந்தது. முன்னால் பிளைவுட் பலகையை வைத்து எட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன். மிச்சமான ஆறடி ஹோஸைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட நல்லதாகப் போயிற்று என்று என் மனைவிக்கு சந்தோஷம்.

மச்சான் வந்ததும் கேட்டார். "கழுத்து வெச்சாச்சுங்களா மாப்ள?"

"எல்லாம் ஆச்சு மச்சான்" என்றேன்.

பலகையை அவர் தொடவில்லை. அக்கம்பக்கத்தில் கெஞ்சி எட்டுக் குடம் தண்ணீர் வாங்கிப் பள்ளத்தில் ஊற்றினோம். மிதவை ஏறியது, பம்ப் உறுமியது, ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிக்கொண்டு போய் வேலியோரம் விழுந்தது. மச்சான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போகிறதா என்று பார்த்தோம். வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வருமா என்று பார்க்க எங்கள் ஊரில் வழியும் இல்லை, எனக்கு அப்படி ஒரு யோசனையும் இல்லை.

பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள், லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினோம். புதுச்சேரியில் கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. நீலக் கோட்டில் அச்சாக நின்றது. மச்சான் துறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் ஒரு சொட்டு இல்லை. தினமும் போன் செய்து, "பள்ளம் காஞ்சி கெடக்குதுங்க மாப்ள" என்பார். ஐந்தாவது நாள், வாங்குகிறவர் எட்டு பேரையும் தண்ணீர் கேன், நங்கூரம், சாமான் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டிப் பார்த்தார். பிரமாதம் என்றாராம். சாயங்காலம் ஆட்கள் இறங்கினார்கள், சாமான் படகிலேயே இருந்தது. துறையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மச்சானிடமிருந்து போன். "படகு உக்காந்துடுச்சி மாப்ள."

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது படகு சேற்றில் அமர்ந்து, மேல்தட்டும் பாய்மரமும் மட்டும் வெளியே தெரிந்தன. டீசல் பம்ப் வைத்து இறைத்தார்கள். சாமானை எல்லாம் இறக்கியதும் படகு எழும்பி, ஒன்றுமே நடக்காதது போல மிதந்தது. மச்சான் படகின் உடம்பு முழுவதையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு கீறல் இல்லை. வாங்குகிறவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஹோஸ் வழியா திரும்பி வந்திருக்குமா?"

"வராதுங்க. அது எங்க மாப்ள போட்டது. கழுத்து வெச்சிருக்கு" என்றார் மச்சான்.

அந்த நொடியில்தான் கழுத்து எதற்கென்று எனக்கு உறைத்தது. நிறைந்த தொட்டியின் ஓட்டையில் டியூபை மாட்டிவிட்டால், அந்தப் பக்கம் தாழ்வாக இருக்கிற வரைக்கும் தண்ணீர் தானாகவே போய்க்கொண்டிருக்கும். நான் ஆயிரம் தடவை செய்த வேலை. சாமான் பாரத்தில் படகு தாழ்ந்து, ஓட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. கடலுக்கு நான் வாட்டம் பார்த்துக் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பம்ப் தள்ளத் தள்ள அதே வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. பேட்டரி தீர்கிற வரைக்கும் இந்த ஆட்டம் நடந்திருக்கிறது. ஹோஸ் மேலே ஏறி இறங்கியிருந்தால் அந்த உயரத்தைத் தாண்டித் தண்ணீர் வந்திருக்காது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து நாலு வார்த்தை. வாங்குகிறவர் எதிரில், கிரேன்காரர்கள் எதிரில், "எங்க மாப்ள போட்டது" என்று அவர் சொன்ன வாய் மூடுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து டீசல் பம்பின் டியூபைச் சுருட்டினேன். வாங்குகிறவர், "எங்கயோ ஒழுகுது. எங்கன்னு தெரியலைன்னா அது இன்னும் மோசம். ஆளுங்களை ஏத்த முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் என்னைப் பார்த்து, "பம்ப் பாவம் மாப்ள, கடைசி வரைக்கும் ஓடியிருக்கு. என் கைதான் எங்கயோ தப்பிடுச்சி" என்றார். செஞ்சி தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் தூங்கவில்லை.

படகு திரும்பவும் அடி அண்ணாமலைக்கு வந்தது. கிரேனில் தூக்கும்போது உடைந்த மேல்மூடியை அவர் மாற்றவில்லை. கொட்டகைத் தகரத்தைக் கழற்றி விற்றார், படகு வார்த்த அச்சுகளை உடைத்துப் போட்டார். படகு கட்டைகள் மேல் வானம் பார்த்துக் கிடந்தது. மச்சான் வேங்கிக்காலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு அங்கே அடிக்கடி வேலை வரும். உள்ளே வந்துபோகிற வேலைக்காரர்களின் பையை வெளியே போகும்போது வாட்ச்மேன் திறந்து பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எலக்ட்ரீஷியன், பெயின்டர், யாரையும் அவர் விடமாட்டார். என்னைக் கண்டால் மட்டும் எழுந்து நின்று, கேட்டை முழுசாகத் திறந்து, "போய்ட்டு வாங்க மாப்ள" என்பார். அந்தக் கேட்டைத் தாண்டுகிற பத்தடி தூரத்தையும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடப்பேன்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. "எங்கண்ணன் ஏன் இப்படி ஆயிட்டாரு? கையைக் கையைப் பாத்துக்கினு உக்காந்திருக்காரு" என்பாள் என் மனைவி, செடிகளுக்கு அந்த ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டே. ஒரு தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவர் உடனே எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றினார். என்னால் குடிக்கத்தான் முடிந்தது. சொன்னால் மட்டும் ஆர்டர் திரும்பி வரவா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேவலமான சமாதானம். ஆனால் இரண்டு வருடம் தாங்கியது.

அந்த ஐப்பசியில், முந்தைய வருடங்களில் இல்லாதபடி, மழை விடாமல் ஒன்பது நாள் அடித்தது. பத்தாவது நாள் காலையில் மச்சான் போன் செய்தார். "கொஞ்சம் நெலத்துக்கு வந்துட்டுப் போங்க மாப்ள."

வாட்ச்மேன் சட்டையோடு படகின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேல்மூடி இல்லாத படகு ஒன்பது நாள் மழையையும் வாங்கி வயிற்றில் வைத்திருந்தது. பக்கவாட்டில், நான் போட்ட ஓட்டையிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"குனிஞ்சி பாருங்க மாப்ள" என்றார். குனிந்தேன். படகின் அடியில், மழை எட்டாத நடுவில், மண் காய்ந்து கிடந்தது. அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த உடம்பு ஒரு சொட்டுக் கசியவில்லை.

"உள்ள தண்ணி சரியா ஓட்டை மட்டத்துக்கு நிக்குது. அதுக்கு மேல ஏறலை. கழுத்து இருந்தா, கழுத்து வரைக்கும் ஏறாம வெளிய வராதுங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். "நீங்களே தொறங்க. நான் தொறந்தா மரியாதையா இருக்காது."

படகுக்குள் இறங்கி, முழங்காலுக்கு மேல் மழைத்தண்ணீரில் நின்று எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். துருப்பிடித்திருந்தன, நேரம் எடுத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பலகை வந்தது. பம்பிலிருந்து ஓட்டைக்கு ஹோஸ் நேராகக் கிடந்தது, இரண்டு வருடத்துக்கு முன் நான் வைத்த மாதிரியே, அழகாக.

மச்சான் மேல்தட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "தப்பு பண்றது எல்லாருக்கும் வரும் மாப்ள" என்றார். "ரெண்டு வருஷமா என் கையை நானே நம்பலை. டீ கிளாஸ் புடிக்கும்போதுகூட." அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தார். புறப்படும்போது, "தங்கச்சிக்கிட்ட சொல்ல வேணாம்" என்றார்.

அவர் கொடுத்த அந்தச் சலுகையையாவது எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். சண்டை போடவில்லை. நாலு நாளும் செடிகளுக்குச் சொம்பில்தான் தண்ணீர் விட்டாள். ஐந்தாவது நாள் வேங்கிக்காலில் வேலை. பையைத் தூக்கியபோது வழக்கத்தைவிடக் கனத்தது. அங்கே போய்த் திறந்ததும் பார்த்தேன், ரெஞ்சுக்கு மேல் அந்த ஹோஸைச் சுருட்டி வைத்திருந்தாள். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எங்கே போடுவது என்றும் தெரியவில்லை. வேலையை முடித்து, பையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட்டில் மச்சான் இருந்தார். எப்போதும் போல எழுந்து நின்றார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

"பையைக் கொஞ்சம் தொறங்க மாப்ள" என்றார்.

திறந்தேன். ஹோஸைக் கையில் எடுத்தார். அவர் வாங்கி வந்த ஹோஸ், பார்த்ததும் தெரிந்திருக்கும். சாணால் ஒரு தடவை அளந்து பார்த்தார். திரும்பவும் சுருட்டிப் பைக்குள் வைத்து, ஜிப்பை அவரே இழுத்து மூடினார். பதிவேட்டைத் திருப்பி, என் பெயருக்கு நேராக நிதானமாக எழுதினார். ஹோஸ், ஆறடி. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.